பண்டிகை நாளும் பிரிவுப் பாடலும்

பண்டிகைப் பாடல்கள் இருவகைப்படும். கூடியிருப்போர் பாடுவன ஒருவகை. கூட முடியாதவர் பாடுவன மற்றொரு வகை. முன்னையவற்றுக்கு மதிப்பும் மேடையும் உண்டு. பின்னையவற்றை 'மலிவான கண்ணீர்' என்று ஒதுக்கிவிடுவது இலக்கிய விமர்சகர் வழக்கம். அவ்வாறு ஒதுக்கியவர்களுள் முற்போக்கு அணியைச் சேர்ந்த நாமும் அடங்குவோம். அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாங்கொலியும் கோவில் மணியும் தேவாலயக் கீதமும் ஒருசேரக் கேட்கும் ஊர் கல்முனை. டிசம்பர் மாதத்தில் இதன் கடைத்தெருவிலே நடந்து செல்பவர் காதில் ஆங்கில நத்தார்ப் பாடல்கள் விழாமற் போவதில்லை. அவற்றுட் கணிசமானவை பாலன் யேசுவின் பிறப்பைப் பற்றியவை அல்ல. வீடு திரும்ப இயலாதவனையும், காதல் முறிந்து தனித்திருப்பவனையும் பற்றியவை. நத்தார் நமது பெருநாள் அன்று. ஆயினும் நம் மாணவர் பலர் அப்பாடல்களைக் கைத்தொலைபேசியிலே திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். ஏன்? மேனாட்டு மோகம் என்று சொல்லிவிடுவது எளிது. அது அரைகுறை விடையே ஆகும்.

தமிழ் இலக்கியம் கற்றோருக்கு இப்பாடல்களின் அமைப்புப் புதிதன்று. கார்காலம் தொடங்குமுன் மீள்வேன் என்று சொல்லிச் சென்றான் தலைவன். கார் வந்தது, அவன் வரவில்லை. முல்லைத் திணையின் பாடல்கள் பல இந்த ஒரு நிலையிலிருந்தே பிறந்தவை. குறித்த பருவம் வந்துவிடுவதுதான் பிரிவைத் தாங்கவொண்ணாததாக்குகிறது. மற்றை நாள்களில் ஆற்றியிருப்பவள் அந்த நாளில் உடைந்துபோகிறாள். முல்லைக்குக் கார்காலம் எதுவோ, அதுவே நத்தார்ப் பாடலுக்கு டிசம்பர் 25, நமக்குத் தலைப்பிறை. எனவே உணர்ச்சி பொய்யானதன்று. கேட்க வேண்டிய கேள்வி வேறு: பிரிந்தவன் ஏன் பிரிந்தான்? அந்தக் காரணம் பாடலுக்குத் தெரிந்திருக்கிறதா?

சங்கப் புலவனுக்குத் தெரிந்திருந்தது. பகைமேற் சென்றான், பொருள் தேடிச் சென்றான் என்று பிரிவின் காரணத்தை அவன் சொன்னான். தொல்காப்பியம் காரணத்தை வைத்தே பிரிவை வகைப்படுத்தியது. காரணமின்றிப் பிரிவு இல்லை என்பது நம் பழைய இலக்கணம்.

இந்த அளவுகோலை நத்தார்ப் பாடல்களுக்கு வைத்துப் பார்ப்போம். 1942இல் பிங் குறொஸ்பி பாடிப் புகழ்பெற்ற 'வைற் கிறிஸ்மஸ்' பாடலை எழுதியவர் இர்விங் பேர்ளின். அவர் கிறிஸ்தவரல்லர், ரஷ்யப் பேரரசிலிருந்து சிறு பிள்ளையாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து வந்த யூதர். ஒரு மாதமும் நிரம்பாத அவருடைய ஆண் குழந்தை 1928ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்றே இறந்தது. பிற சமயத்தாரின் பண்டிகை ஒருவனுக்குத் துக்க நாளாக அமைந்துவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அப்பாடலைப் பரப்பியது அவருடைய சொந்தத் துயரமன்று, உலகப் போர். வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலிருந்த போர்வீரர்கள் அதனைத் தம் பாடலாக்கிக் கொண்டார்கள். அடுத்த ஆண்டு, 1943இல், குறொஸ்பி பாடிய வேறொரு பாடல் கடல்கடந்து நிற்கும் போர்வீரனின் குரலிலேயே அமைந்தது. நத்தாருக்கு வீடு வருவேன் என்று அவன் சொல்கிறான். அந்த வருகை கனவிலே மட்டுமே நிகழக்கூடியது என்பதையும் அவன் அறிவான்.

ஆட்சியாளர் இவ்வகைப் பாடல்களை எவ்வாறு நோக்கினர் என்பது சுவையானது. 1942இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், அளவுமீறிய சோகமும் உருக்கமும் கொண்ட பாடல்களைத் தவிர்ப்பது என்று கொள்கை வகுத்தது. அவை போர்க்காலத்து மனவுறுதியைக் குலைக்கும் என்று அஞ்சினார்கள். 'மலிவான கண்ணீர்' என்று நம் விமர்சகர் அலட்சியம் செய்ததை ஒரு பேரரசின் ஒலிபரப்பாளர் அலட்சியம் செய்யவில்லை. வீட்டை நினைந்து அழுபவன், தன்னை வீட்டிலிருந்து பிரித்தது யார் என்றும் கேட்கத் தொடங்கலாம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும்.

போர் முடிந்தது, காரணமும் பாடலிலிருந்து மெல்ல மறைந்தது. 1948இல் வெளிவந்து 1957இல் எல்விஸ் பிறெஸ்லி பாடி உலகெங்கும் பரவிய 'புளூ கிறிஸ்மஸ்' பாடலிலே எஞ்சியிருப்பது காதலியற்றவனின் ஏக்கம் மாத்திரமே. 1984இல் ஜோர்ஜ் மைக்கல் எழுதிப் பாடிய 'லாஸ்ற் கிறிஸ்மஸ்' இந்தப் போக்கின் உச்சம் எனலாம். கடந்த ஆண்டு இதயத்தைக் கொடுத்தவன், இந்த ஆண்டு அதனை வேறொருத்திக்குக் கொடுக்கப் போகிறான். அவ்வளவே. அவன் என்ன தொழில் செய்கிறான், எங்கே வாழ்கிறான் என்பன அப்பாடலுக்கு வேண்டாதவை. எந்த ஊரிலும் எந்த ஆண்டிலும் விற்கக்கூடிய சரக்காக அது அமைந்தமைக்கு இந்த வெறுமையே காரணம். வெளிவந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2021 ஜனவரியில், அது பிரித்தானியாவில் முதன்முறையாக முதலிடம் பெற்றது. ஆனால் நேர்மையாக ஒன்றையும் சொல்லவேண்டும். அப்பாடலால் வந்த உரிமைப் பணத்தை அக்கலைஞர் எதியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கு வழங்கினார். உலகின் பசி அவர் மனத்திலே இருந்தது, பாடலுக்குள் நுழையவில்லை.

காதல் முறிவைப் பாடினாற் சமுதாயத்தைப் பாட முடியாது என்பதன்று நம் வாதம். 1987இல் வெளிவந்த 'ஃபெயாரிடேல் ஒஃப் நியூயோர்க்' நத்தார் முன்னிரவில் குடிகாரர்களை அடைக்கும் சிறைக்கூடத்தில் தொடங்குகிறது. பெருநகரத்தில் வாழ்வு தேடி வந்து தோற்றுப்போன ஐரிஷ் இணையர் ஒருவரையொருவர் ஏசிக் கொள்கிறார்கள். அந்த ஏச்சுக்குள்ளே ஒரு தேசத்து மக்கள் பிழைப்புக்காகக் கடல்கடந்த வரலாறு ஒலிக்கிறது. இதயம் உடைந்ததும் கனவு உடைந்ததும் அங்கே ஒன்றாகவே நிகழ்கின்றன. அதனாலேயே அது இலக்கியத் தகுதி பெறுகிறது.

இனி நம் கரைக்கு வருவோம். 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த இப்பிரதேசத்துக் கிராமியக் கவிகள் தமிழுலகம் அறிந்தவை. வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) இந்த மண்ணின் கலைவளத்தை நூலிலே பதித்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். நான்கடியில் அமைந்த இக்கவிகளிலே மச்சானும் மச்சியும் பேசிக்கொள்வதை மாத்திரம் கண்டு, இவை காதற் பாடல்கள் என்று பெயரிட்டுவிடுகிறோம். சற்று ஆழ்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். மச்சான் எங்கே போயிருக்கிறான்? ஊருக்கு மேற்கே நெடுந்தொலைவிலுள்ள வயலுக்கு. வேளாண்மை விளையும் வரை வாடியிலே கிடந்து, இரவெல்லாம் பரணில் விழித்துக் காவல் செய்கிறான். வயல் பெரும்பாலும் அவனுடையதன்று, போடியாருடையது. விதைப்பிலிருந்து சூடடிப்பு வரை அவனுடைய காலம் விற்கப்பட்டுவிட்டது. மச்சியின் தனிமை விதியால் வந்ததன்று, நிலவுடைமையால் வந்தது. எழுத்தறியாத அப்பெண்கள் நிலவுடைமை என்ற சொல்லை அறியார். ஆனால் வாடியையும் பரணையும் கூலி நெல்லையும் பாட்டிலே வைத்தார்கள். அந்த வகையில் அவர்கள் சங்கப் புலவரின் வழித்தோன்றல்கள். பெருநகரத்துப் பாட்டு வியாபாரிகளைவிட மேலான கலைஞர்கள்.

அந்த மரபு இப்போது எங்கே? 1970களுக்குப் பின் நம் ஊர்களின் பிரிவு வயலோடு நிற்கவில்லை. வளைகுடா நாடுகள் வரை நீண்டது. இதே அனுபவம் மலபாரில் வாழும் முஸ்லிம்களுக்கும் நேர்ந்தது. அங்கே எஸ். ஏ. ஜமீல், 1970களின் பிற்பகுதியிலே, 'துபாய்க் கத்துப் பாட்டு' என்ற கடிதப் பாடலை இயற்றினார். வளைகுடாவிலுள்ள கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம் அது. அவன் அனுப்பும் பொருளால் நிரப்ப முடியாத தன் இளமையின் வெறுமையை அவள் நாணமின்றிப் பேசுகிறாள். கணவன் எழுதும் மறுமொழியையும் அவரே பாடலாக்கினார். ஊர்ப் பெரியோர் வீட்டுக்குள் மறைத்து வைத்த ஒரு துன்பம், பாடலாகித் தெருவுக்கு வந்து விவாதப் பொருளாயிற்று. பாடல் செய்யவேண்டிய தொண்டு இதுவே.

நமது நிலையோ இன்னும் சிக்கலானது. இங்கே கடல்கடந்து சென்றவர் ஆடவர் மட்டுமல்லர். 1990களில் வேலைக்காக இலங்கையிலிருந்து வெளிநாடு சென்றோரில் பெண்களே பெரும்பான்மையினர். அவர்களுட் பெரும்பகுதியினர் வீட்டுப் பணிப்பெண்கள். கடற்பயணம் மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பியப் பொருளதிகாரம் கூறும் வழக்கு. ஈராயிரம் ஆண்டாக நம் பிரிவுக் கவிதை முழுவதும் பெண் காத்திருப்பாள், ஆண் செல்வான் என்ற அடித்தளத்தின்மேற் கட்டப்பட்டது. இன்றைய பொருளாதாரம் அந்த அடித்தளத்தைப் பெயர்த்துவிட்டது. றியாதிலோ குவைத்திலோ பிறர் வீட்டு அடுப்படியில் பெருநாள் விருந்து சமைக்கும் தாய், தன் பிள்ளைக்குப் புத்தாடை உடுத்திப் பார்க்க முடியாமல் நிற்கிறாளே, அவள் எந்தத் திணைக்கு உரியவள்? முல்லையில் அவளுக்கு இடமில்லை, பாலையிலும் இல்லை. அவளுடைய அன்னியச் செலாவணியைக் கணக்கெழுதும் நாடு, அவளுக்கு ஒரு பாடலைக் கொடுக்கவில்லை.

டிசம்பர் மாதத்துக்கு நம் கரையிலே இன்னொரு பொருளும் உண்டு. 2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாட் காலை கடல் எழுந்தது. இலங்கையிலே மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் கடலோர வீடுகளை இழந்தன. ஒரு மாதத்துள் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. முகாம்களிலே அந்தப் பெருநாளைக் கழித்தவர்களுக்குத் தனிமை என்பதன் பொருளை எந்தப் பாடகனும் கற்பிக்க வேண்டியதில்லை.

நம் கவிஞர்கள் அந்தத் துயரத்தைப் பாடாமல் இல்லை. கடலை விளித்தார்கள், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். அலை இயற்கையின் செயல். அதனிடம் கேட்பதற்கு எதுவுமில்லை. கேட்க வேண்டியவை வேறு. அக்கரைப்பற்று நுரைச்சோலையிலே சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு வழங்குவது என்பதில் இன அரசியல் புகுந்து, விடயம் நீதிமன்றம் வரை சென்றது. ஆண்டுக்கணக்காக அவ்வீடுகள் காடு மண்டிக் கிடந்தன. ஒருபுறம் வீடற்ற மக்கள். மறுபுறம் மக்களற்ற வீடுகள். இதைவிடப் பெரிய தனிமைப் பாடலுக்கு வேறென்ன பொருள் வேண்டும்? உறவை இழந்தவனின் துயரம் இயற்கை தந்தது. இழந்தவன் பெருநாட்குப் பெருநாள் கூரையின்றி இருந்தமை மனிதர் செய்தது. இவ்விரண்டையும் பிரித்தறியாத கவிதை, எத்துணை உருக்கமாயினும், அதிகாரத்துக்கு வசதியான கவிதையே. அவ்வாறே, நம் அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களிலே காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்காகப் பொங்கலன்றும் நத்தாரன்றும் படத்தின் முன்னிருந்து அழும் தாயின் பாடலை நாம் கேட்கிறோமா? நம் துயரை அவர்களும் அவர்கள் துயரை நாமும் கேளாதவரை இரண்டும் தனிமைப் பாடல்களாகவே இருந்துவிடும்.

சில காலத்துக்கு முன்னர் ஒரு வகுப்பிலே 'நான் கொண்டாடிய பெருநாள்' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தேன். வழமைபோலப் புத்தாடை, பள்ளிவாசல், பலகாரம் என்று எல்லோரும் எழுதினர். ஒரு மாணவியின் கட்டுரையில், பலகாரத்துக்கும் முடிவுரைக்கும் இடையில், 'இரவு உம்மா கோல் எடுத்தா. நான் கதைக்கல்ல' என்றொரு வரி இருந்தது. பேச்சுவழக்கு என்று அதன்கீழ்ச் சிவப்புக் கோடிட்டுவிட்டேன். கொப்பியைத் திருப்பிக் கொடுத்த பின்னரே நான் எதை அடித்தேன் என்பது உறைத்தது. அந்தக் கட்டுரையில் உண்மையாக இருந்த ஒரே வாக்கியம் அதுதான். மற்றவை யாவும் மாதிரிக் கட்டுரை நூலிலிருந்து வந்தவை. அவளுடைய தாய் வெளிநாட்டிலே பணிசெய்வதை நான் அறிந்திருந்தேன். அவள் ஏன் பேசவில்லை என்பதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்றுதான் அந்த ஆங்கிலப் பாடல்களை மாணவர் ஏன் கேட்கிறார்கள் என்பதும் விளங்கிற்று. தம் துயரத்துக்குத் தமிழிலே பாடல் கிடைக்காதவர்கள், பிறர் துயரத்தின் இசையைக் கடன் வாங்குகிறார்கள். ஆறுதல் சிறிது கிடைக்கிறது, விளக்கம் கிடைப்பதில்லை.

முற்போக்கு இலக்கியம் எழுச்சியைப் பாடியது. அது தேவையாக இருந்தது. ஆனால் கண்ணீரைக் கண்டதும் நசிவு என்று முகஞ்சுளித்து, அந்தக் களத்தை வியாபாரிகளிடம் விட்டுவிட்டோம். அழுபவனிடம் அழாதே என்று சொல்வது விமர்சகனின் வேலையன்று. அழுகையின் காரணத்தை அவனோடு சேர்ந்து தேடுவதே வேலை. ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெருநாளுக்குப் பின்னர் மாணவர்களிடம், அந்நாளில் வீட்டில் இல்லாதவர் யார், ஏன் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள். எந்த நடையிலும் எழுதட்டும். வாடியையும் பரணையும் பாடிய பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். சிவப்புக் கோடிடுவதற்கு முன்னர் ஒருமுறை வாசித்துப் பார்ப்போம்.