மைக்கூட்டின் மீது ஒரு முகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் இலக்கியவாதிகளைக் கௌரவிக்க வார்க்கப்பட்ட வெண்கல மைக்கூடுகள் இன்றும் பழம்பொருள் ஏலங்களில் கைமாறுகின்றன. அவற்றில் அடிக்கடி தென்படும் முகங்கள் வோல்டேரும் ரூஸோவும். சிலவற்றில் தலையே மூடியாகும். கீலில் அதைச் சாய்த்தால் உள்ளே மைக்கிண்ணம். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்த அக்காலத்து மை உலோகத்தை அரிக்கும். ஆதலால் கிண்ணத்தைக் கண்ணாடியிலோ பீங்கானிலோ செய்தனர்.

இத்தகைய பொருள்கள் பெருகியமைக்கு இலக்கியப் பற்றைவிட ஓர் இயந்திரமே பெரிதும் காரணம் எனலாம். பெரிய சிற்பத்தை அளவு பிசகாமல் சிறிதாக்கும் பொறியை 1836இல் ஆஷில் கோலா உருவாக்கினார். 1838இல் ஃபெர்தினான் பார்பெதியென் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். அதன்பின் புகழ்பெற்ற சிலைகள் பல அளவுகளில் நடுத்தர வர்க்கத்தின் வீடுகளுக்கு வந்தன. ஹூதோன் 1781இல் பளிங்கில் வடித்த, அமர்ந்த கோல வோல்டேரும் இவ்வாறு சிறுத்தவரே. வெண்கலத்திற்கு வசதியில்லாதோர்க்குத் துத்தநாகக் கலவையில் வெண்கல நிறம் பூசிய போலிகள் இருந்தன. நல்ல வார்ப்புகளின் உளிவேலை வியக்கத்தக்கது, அதை மறுப்பதற்கில்லை.

எனினும், இது எழுத்தாளருக்குச் செய்த கௌரவம்தானா? வாழ்நாளில் பகைத்துக்கொண்டு, 1778இல் சில வார இடைவெளியில் மறைந்த வோல்டேரையும் ரூஸோவையும் ஜோடி அலங்காரமாக்கி அருகருகே நிறுத்துகிறது வெண்கலம். 1741இல் லீல் நகரில் மேடையேறிய நாடகத்தில் நபிகள் நாயகத்தை (ஸல்) வஞ்சகராகச் சித்திரித்தவர் வோல்டேர். அந்த அவதூறும் மத வெறிக்கு எதிரான அவருடைய வாதங்களும் அச்சிறு புன்னகையில் ஒருங்கே மறைந்துவிடுகின்றன. அவரைப் படித்து மறுப்பவன், படிக்காமல் அவர் தலையில் பேனா தோய்ப்பவனைவிட அவருக்கு அதிக மரியாதை செய்கிறான் என்பதே என் கருத்து.

இதனை உருவ மறுப்பு என்று நம்மவர் சுருக்கிவிடலாகாது. 12, 13ஆம் நூற்றாண்டுக் குராசானின் உலோக மைக்கூடுகளிலும் ராசிச் சின்னங்களும் மனித உருவங்களும் வெள்ளியில் பதிக்கப்பட்டுள்ளன. ஆனால் அவற்றில் பொறித்த அரபு வாசகங்கள் உடையவனுக்கு நலம் வேண்டுபவை. எழுத அமர்பவனை நோக்கியே அவை பேசுகின்றன. பிரெஞ்சுப் பொருளோ பார்க்க வருபவனை நோக்குகிறது.

பிரெஞ்சு மண்ணிலேயே இதற்கு மாற்றொன்று உண்டு. பாரிஸில் வோழ் சதுக்கத்திலுள்ள விக்தோர் ஹ்யூகோ இல்லத்தில் ஒரு மேசை இருக்கிறது. ஹ்யூகோ கெர்ன்ஸி தீவில் நாடு கடந்து வாழ்ந்தபோது, 1860இல், அவருடைய மனைவி அதேல் நடத்திய தரும விற்பனைக்காகச் செய்யப்பட்டது அது. பின்னர் ஹ்யூகோவே அதை விலைக்கு வாங்கிக்கொண்டார். அதன் நான்கு பக்கங்களிலும் நான்கு மைக்கூடுகள்: ஹ்யூகோ, லாமார்த்தீன், அலெக்ஸாந்தர் தூமா, ஜார்ஜ் சாண்ட் ஆகியோர் தம் கையால் எடுத்துத் தந்தவை. ஒவ்வொன்றுடனும் அவரவர் கையெழுத்துக் குறிப்பு உள்ளது. தம் அண்மைக்கால நூல்கள் பதினைந்து இருபது இதில் தோய்ந்தே பிறந்தன என்று தூமா சான்றளிக்கிறார்.

இந்நால்வருள் லாமார்த்தீன் 1854இல் வெளியிட்ட துருக்கி வரலாற்றில் நபிகளாரை உயர்ந்த மதிப்போடு எழுதியவர். 1859இல் வெளிவந்த கவிதைத் தொகுதியில் நபிகளாரின் இறுதி நாள்களைப் பரிவோடு பாடியவர் ஹ்யூகோ. மேசையில் அவர்களுடைய சிலை இல்லை. எழுதித் தேய்ந்த மைக்கூடுகளும் எழுதிய கையின் வரிகளுமே இருக்கின்றன.