அண்ணன் ஊரில் ஒரு பவானி ஜமக்காளம்

கல்யாணமாகி புனேவுக்கு வந்தபோது அம்மா கட்டிக்கொடுத்த சாமான்களில் எனக்குத் துளியும் பிடிக்காதது அந்தப் பவானி ஜமக்காளம்தான். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாகக் கோடு. எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். மடித்துத் தூக்கினால் கைக்குழந்தை கனம். "ஃபிளாட்டில் இதை எங்கேம்மா விரிக்கிறது?" என்று ரயிலடியிலேயே சண்டை போட்டேன். பதினோரு வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்: இந்த ஊரில் எனக்கு வாய்த்த நல்ல பொழுதுகளில் முக்கால்வாசி அதன்மேல் உட்கார்ந்து கழித்தவைதான்.

அதன் பெயரைச் சொன்னதும் எதிர்வீட்டுக் காகு (நம்மூர்ச் சித்தி மாதிரி) கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பவானி என்றால் சிவாஜி மகாராஜா வணங்கிய தெய்வம் ஆயிற்றே! அது ஈரோட்டுப் பக்கம் தறி ஓடுகிற ஊர் என்று நான் விளக்கப் போகவில்லை. தானாக வருகிற மரியாதையைக் கெடுத்துக்கொள்வானேன்?

நான் தஞ்சாவூர்க்காரி. அதைச் சொன்னால் புனேக்காரர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். புனே, ஷாஹாஜி போன்ஸ்லேயின் ஜாகிர். அவருடைய மகன் சிவாஜி, தாய் ஜீஜாபாயோடு வளர்ந்தது இங்கே லால் மஹாலில். இளைய தாரத்து மகன் வெங்கோஜிதான் 1670களில் எங்கள் ஊரைப் பிடித்து உட்கார்ந்தவர். ஆக, தம்பி ஊரில் பிறந்து அண்ணன் ஊருக்கு வாழ வந்தவள் நான். இந்த உறவுமுறையைச் சொல்லியே பதினோரு வருஷமாகச் சலுகை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நல்ல பொழுதுகளை டிசம்பரிலிருந்து சொல்லத் தொடங்குகிறேன். சவாய் கந்தர்வ பீம்சேன் மகோத்சவம் என்கிற ஹிந்துஸ்தானி இசை விழா! புனேக்காரர்களுக்கு வெறும் 'சவாய்'. சென்னையில் மார்கழிக் கச்சேரிகளுக்குப் போய்ப் பழகியவள்தான் நான். ஆனால் கையில் குழந்தை வந்தபிறகு சபா வாசலை மிதிக்கவே பயம். முதல் வரிசை மாமி திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேண்டீன் பக்கம் ஓட வேண்டியதுதான். சவாயில் நான் கண்டது வேறு உலகம். பெரிய திறந்தவெளிப் பந்தல். நாற்காலிகளும் உண்டு, ஆனால் தரையில் உட்காருகிற பகுதிக்குத்தான் மவுசு. ஆயிரக்கணக்கான ஜனம் குடும்பம் குடும்பமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. டிபன் டப்பா திறக்கிறது, மஃப்ளர் சுற்றிய தாத்தா தாளத்துக்குத் தொடை தட்டுகிறார், அவர் பேத்தி பக்கத்தில் அயர்ந்து தூங்குகிறாள். யாரும் யாரையும் முறைக்கவில்லை. நாங்கள் ஜமக்காளத்தை விரித்தோம். என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. மடியில் படுத்தவன் விளம்பித லயத்திலேயே கண்ணசந்துவிட்டான். பக்கத்துப் பாட்டி தன் சால்வையை எடுத்து அவன்மேல் போர்த்திவிட்டு, தானும் இப்படி அம்மா மடியில் படுத்துத்தான் பீம்சேனைக் கேட்டவள் என்றார்.

அந்தப் பீம்சேன் ஜோஷி தொடங்கிய விழாதான் இது. குரு சவாய் கந்தர்வர் 1952இல் காலமானார். அவர் நினைவாகச் சீடர் 1953இல் ஆரம்பித்தார். வேடிக்கை என்னவென்றால், குருவுக்குச் சொந்த ஊர் தார்வாட் பக்கத்துக் குந்த்கோல், சீடருக்குக் கதக். இரண்டுமே கன்னட பூமி! வெளியூர்க்காரர் ஒருவர் இன்னொரு வெளியூர்க்காரர் நினைவாக எடுத்த விழாவை புனே தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி நடத்திக்கொண்டிருக்கிறது. குரு தேடிப் பதினோரு வயதிலேயே வீட்டைவிட்டு ஓடியவர் பீம்சேன் என்று மகளிடம் சொன்னபோது அவள் பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அவங்க அம்மா அழுதிருப்பாங்கல்ல?" என்றாள். முன்பெல்லாம் கச்சேரி விடிய விடிய நடக்குமாம். ஒலிபெருக்கிச் சட்டம் வந்தபின் நேரம் சுருங்கிவிட்டது என்று பெரியவர்கள் அங்கலாய்க்கிறார்கள். பிள்ளைக்காரி எனக்கு அதுவே வசதி. கடைசி நாள் முடிவில் சவாய் கந்தர்வரின் பழைய பைரவிப் பதிவை ஒலிக்கவிடுவார்கள். கரகரப்பான அந்தக் குரல் முடியும்வரை பந்தலில் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. எனக்கு ஒவ்வொரு வருஷமும் தொண்டை அடைக்கும்.

இப்போது ஒரு சிரிப்புக் கதை. மராத்தியில் அம்மாவுக்கு 'ஆயி'. என் மகன் தெருப் பிள்ளைகளைப் பார்த்து, ஒருநாள் வாசலிலிருந்து "ஆயீ... ஆயீ..." என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா பதறிப்போய் அவனை அலாக்காகத் தூக்கிக் குளியலறையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்!

அவன் அன்று ஓடிவந்த காரணம், கோட்டை கட்ட மண் வேண்டும் என்பது. தீபாவளிக்கு இங்கே பிள்ளைகள் வாசலில் மண்கோட்டை கட்டுவார்கள். கல், செங்கல், சாக்கு எல்லாம் அடுக்கி, மேலே செம்மண் குழைத்துப் பூசி, அலிவ் விதை தூவித் தண்ணீர் தெளித்தால் நாலைந்து நாளில் மலை பச்சைப் பசேலென்று முளைத்துவிடும். அப்படியே நம் முளைப்பாரி! உச்சியில் சிம்மாசனத்தில் சிவாஜி, வழியெங்கும் அவருடைய மாவளா வீரர்கள். கடைத்தெருவில் இந்த மண்பொம்மைகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அப்போதுதான் கொலு முடிந்து என் பொம்மைகளைப் பரணில் ஏற்றியிருந்தேன். மகள் ஏறி ஒரே ஒரு பெட்டியை இறக்கினாள். மறுநாள் பார்த்தால் கோட்டை அடிவாரத்தில், அரிசி பருப்பு பரப்பிக்கொண்டு எங்கள் செட்டியாரும் ஆச்சியும் கடை போட்டிருந்தார்கள்! "படைக்குச் சாப்பாடு வேணும்ல?" என்றாள். தெருவே வந்து பார்த்தது. நான் அந்தக் கோட்டையை எடுத்த போட்டோக்களை எண்ணவேண்டாம், வெட்கமாக இருக்கிறது.

சுக்ரவார் பேட்டையிலுள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்துக்குத் தாய்மார்கள் கட்டாயம் போகவேண்டும். பெயரைப் பார்த்து ஏதோ ராஜா என்றுதான் நானும் நினைத்தேன். தினகர் கேல்கர் மூக்குக்கண்ணாடி வியாபாரி, கவிதையும் எழுதுவார். 'ராஜா' என்பது ஏழு வயதில் இறந்துபோன அவருடைய ஒரே மகனின் பெயர். அந்தப் பிள்ளையின் நினைவாக ஊர் ஊராக அலைந்து சேர்த்தவை 20,000க்கும் மேற்பட்ட பொருட்கள். பார்வைக்கு இருப்பது அதில் ஒரு பகுதிதான். மன்னர்களின் வாளும் கேடயமும் மட்டும் தேடியவர் இல்லை. பாக்குவெட்டி, பூட்டு, மைக்கூடு, குத்துவிளக்கு, குதிகால் தேய்க்கிற கல்லுக்குக்கூட மயில் வடிவத்தில் பிடி! வீட்டுப் பெண்கள் தினமும் கையில் எடுத்தவற்றையெல்லாம் கலை என்று கண்டு பொறுக்கிய கண் அது. பேஷ்வா பாஜிராவின் காதலி மஸ்தானியின் மாளிகைப் பகுதி ஒன்றைக் கோத்ரூடிலிருந்து பெயர்த்துவந்து உள்ளே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். பாக்குவெட்டி வரிசைமுன் நின்று, பாட்டியிடம் இருந்த குதிரைப் பாக்குவெட்டியைப் பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போட்டதை நினைத்து நொந்துகொண்டேன். மகன் என் விரலை இழுத்து, "அந்த ராஜா இதையெல்லாம் வச்சு விளையாடினானா?" என்றான். இல்லையடா என்று சொல்ல வாய் வரவில்லை.

நாடகம் என்றால் பால கந்தர்வ ரங்கமந்திர். பெண் வேஷத்தில் நடிகர் பால கந்தர்வர் புடவை கட்டிய நேர்த்தியைப் பார்த்து நிஜப் பெண்கள் கற்றுக்கொண்டார்களாம். நம் ஸ்திரீபார்ட் நடிகர்களுக்கு இப்படி நகரத்தின் நடுவில் ஓர் அரங்கம் யார் கட்டினோம்? 1968 ஜூன் 26இல், அவர் பிறந்தநாளில் திறந்தது. விடுமுறையில் குழந்தைகள் நாடகம் போடுவார்கள். எனக்கு மராத்தி பாதிதான் புரியும். மீதியை என் பிள்ளைகள் காதில் மொழிபெயர்ப்பார்கள். இடைவேளை உருளைக்கிழங்கு வடைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் பால்கி. ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும், தேஹுவிலிருந்து துக்காராம் பல்லக்கும் பண்டரிபுரம் போகிற வழியில் புனேயில் தங்கும். தம்புரா, தாளம், தலையில் துளசிமாடம் சுமந்த பெண்கள், மழைத்தூறல், லட்சக்கணக்கான கால்கள். போன வருஷம் அம்மாவையும் கூட்டிப்போனேன். ஜமக்காளத்தை ஒரு கடைத் திண்ணையில் விரித்து உட்காரவைத்தேன். தஞ்சாவூர் ஜில்லா பஜனை மடங்களில் வளர்ந்த அம்மாவுக்கு அபங்கம் மனப்பாடம். அர்த்தம் மட்டும் தெரியாது! கூட்டம் ஒரு அபங்கத்தை எடுத்ததும் அம்மாவும் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். பல்லக்கோடு நடந்துவந்த ஒரு வார்கரிப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். வந்தார். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார். இங்கே 'புகடி' என்பார்கள்: கை கோத்து, கால் சேர்த்து, உடம்பைச் சாய்த்துச் சுற்றுவது. நாம் சின்ன வயசில் சுற்றிய தட்டாமாலையேதான்! முட்டிவலித் தைலம் இல்லாமல் படி இறங்காத என் அம்மா, அறுபத்து நாலு வயதில், புனே நடுத்தெருவில் தட்டாமாலை சுற்றினார். பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது; வீடியோ முழுக்க ஆடிக்கிடக்கிறது.

குறை இல்லாத ஊரா? வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாடகம் போய்விடும். ஆசையாகத் தின்பண்டம் வாங்கப் போனால் கடைக்காரர் மதியத் தூக்கத்தில் இருப்பார். நாலு மணிக்குமேல் வா என்று பலகை சொல்லும். போகட்டும், இப்போது மெட்ரோ ஓடுகிறது. மண்டை மார்க்கெட்டுக்கே சுரங்க ரயிலில் போய் இறங்கலாம். சிம்மகட் கோட்டை ஏறி மண்சட்டித் தயிரும் பிட்லா பாக்ரியும் சாப்பிட்டது, கோத்ரூட் குட்டி ரயில் கண்காட்சியிலிருந்து மகனைக் கிளப்புவதைவிட என் வீட்டுக்காரரைக் கிளப்ப அதிகம் பாடுபட்டது எல்லாம் சொல்ல ஆரம்பித்தால் நிற்காது.

டிசம்பரில் வாருங்கள். புனே குளிருக்கு ஸ்வெட்டர் கட்டாயம். சவாய் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள். விரிப்பு கொண்டுவர வேண்டாம். எங்களுடையதில் இன்னும் நாலு பேருக்கு இடம் இருக்கிறது.