மாலை ஐந்து மணிக்கும் நின்றவர்கள்

மேடைப் பேச்சாளர் தனக்குப் பிடித்த தலைப்பில் பேசலாம். கத்தோலிக்கக் கோயிலின் ஞாயிறு பூசையில் மறையுரை சொல்லும் பாதருக்கு அந்த வசதி கிடையாது. அன்றைக்கு எந்த வாசகம் என்பதை வழிபாட்டு நாள்காட்டி முன்பே தீர்மானித்துவிடுகிறது. ஓராண்டு மத்தேயு நற்செய்தி, அடுத்த ஆண்டு மாற்கு, அதற்கடுத்து லூக்கா, பிறகு மறுபடியும் மத்தேயு. கோவை அருகே மதுக்கரையில் வாசிக்கிற அதே பகுதிதான் அன்று ரோமிலும். கொடுத்த பகுதியை வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் சனங்களின் வீட்டுக்கும் வேலைக்கும் ஆகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். கச்சேரியைக் கேட்பதுபோல் ரசித்துக் கேட்க வேண்டிய கலை இது.

முறை வைத்து வாசிக்கும் இந்த வழக்கத்தின் தாய்வீடு யூதர்களின் ஓய்வுநாள் வாசிப்பு. தங்கள் மறைநூலான தோராவின் ஐந்து நூல்களை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரந்தோறும் வாசித்து ஓராண்டில் முடிக்கிறார்கள். இணைச்சட்டத்தின் கடைசி வரியை வாசிக்கும் நாளிலேயே தொடக்கநூலின் முதல் வரியையும் தொடங்கிவிடுவார்கள். சுருளில் உயிரொலிக் குறியும் இல்லை, ராகக் குறியும் இல்லை. இரண்டையும் வாசிப்பவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இந்த மரபு நமக்கு அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. மதுக்கரை வழியாக ஓடும் ரயில் வாளையாறு வழியாகக் கேரளத்துக்குள் போகிறது. அங்கே கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி தொழுகைக்கூடம் இருக்கிறது. கேரள யூதர்களின் கூடங்களில், வேறெங்கும் காணாத வகையில், மாடியிலும் ஒரு வாசிப்பு மேடை உண்டு. ஓய்வுநாளில் தோரா ஒலித்தது அந்த மேல்மேடையிலிருந்துதான்.

வாசிப்பதோடு முடிவதில்லை, கேட்பவருக்குப் புரியவைக்கவும் வேண்டும். அங்கேதான் கலை தொடங்குகிறது.

மதுக்கரைப் பக்கம் கேட்ட ஒரு மறையுரை எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. மத்தேயு 20, திராட்சைத் தோட்ட வேலையாட்கள் கதை. காலையிலிருந்து உழைத்தவனுக்கும் கடைசி ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே கூலி. சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும் சோறு போட்ட ஊரில், ஷிப்ட் பார்த்துக் கூலி வாங்கிய சனங்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல. கேட்கும்போதே நியாயமா என்று மனசு கேட்கும். அந்தப் பாதர் கடவுளின் தாராளம் என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடவில்லை. மாலை ஐந்து மணிக்கும் வேலை கிடைக்காமல் சந்தைவெளியில் நின்றவர்களைப் பிடித்துக்கொண்டார். “காத்தால வண்டில மொதல்ல யாரை ஏத்துவாங்க? தெம்பா இருக்கறவங்களைத்தானுங்க. அப்ப சாயங்காலம் வரைக்கும் மிச்சம் நிக்கறது யாருங்க?” கோயிலில் சத்தமே இல்லை. வயசானவர், நோவாளி, கைக்குழந்தைக்காரி என்று அவரவர் மனதிலேயே பதில் ஓடியது. வேலை கிடைக்காமல் வெயிலில் நிற்பதும் ஒரு பாடுதான் என்று கதை அப்போது திரும்பியது.

அதற்குமேல் அவர் செய்ததுதான் தேர்ந்த கைவேலை. முதலாளி ஏன் அன்று மாலையே கூலி கொடுக்கச் சொல்கிறார் என்று கேட்டார். தோராவின் சட்டம் அது. கூலிக்காரன் ஏழை, அந்தக் காசை நம்பித்தான் இருக்கிறான், ஆகவே பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது இணைச்சட்டம் 24. லேவியர் 19 அதைக் காலைவரை பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. இந்த இணைச்சட்டப் பகுதி யூதர்களின் வரிசையில் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வருகிறது. மத்தேயு ஆண்டில் நம் கதை வருவதும் செப்டம்பரில்தான். எழுதிய சட்டம் கதைக்குள் நடந்து காட்டுகிறது. வீட்டு வேலைக்கு வருபவருக்கு “நாளைக்கு வாங்கிக்கங்க” என்று சொல்லி அனுப்பிய எவருக்கும் அன்று சுருக்கென்றிருக்கும்.

ஒரே ஒரு விவரத்தில் ஊன்றி நிற்பவரே நல்ல மறையுரையாளர். வாசகத்தை இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டு எங்கோ கேட்ட குட்டிக்கதைக்குத் தாவுகிறவரிடம் பாடம் கிடைக்கலாம், வாசகம் கிடைக்காது. நீளமும் வேண்டாம். எட்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம் என்று 2024-ல் போப் பிரான்சிஸே குருக்களைக் கேட்டுக்கொண்டார்.

2026-ல் இந்த வாசகம் செப்டம்பர் 20, ஞாயிறு அன்று வருகிறது. எந்த மதத்தவரானாலும் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். போவதற்கு முன் மத்தேயு 20-ஐயும் இணைச்சட்டம் 24-ஐயும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.