பாஸ்டர் கதையில் விடுபட்டவை

2023 நவம்பரில் இராயபுரம் ஜி.ஏ. சாலையில் ஒரு தெருநாய் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கடித்தது. கடிபட்டவர்கள் ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓடினார்கள். மக்கள் நாயை அடித்துக் கொன்றார்கள். அதற்கு வெறிநோய் இருந்ததும் பரிசோதனையில் உறுதியாயிற்று. பிறகு வழக்கமான வாக்குவாதம். தெருநாய்களை ஒழிக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். வாயில்லா ஜீவன், பாவம் என்றனர் மறு சாரார். ஆனால் கடிபட்டவர்களைக் காப்பாற்றிய மருந்துக்காக எந்த விலங்குகள் பயன்பட்டன என்று இரு சாராரில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவர்களை மட்டும் குறை சொல்வானேன்? நம் அறிவியல் எழுத்து லூயி பாஸ்டர் கதையை எப்படிச் சொல்லி வருகிறது? 1885 ஜூலை 6 அன்று, ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குப் பாஸ்டர் முதல் ஊசியைப் போடச் செய்தார், சிறுவன் பிழைத்தான். சுபம்! ஊசிக்குள் இருந்தது என்ன? வெறிநோயை ஏற்றிச் சாகவிட்ட முயல்களின் தண்டுவடம். அதைக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினால் நோயின் வீரியம் நாளுக்கு நாள் குறையும். நன்றாக உலர்ந்ததில் தொடங்கி, படிப்படியாக வீரியம் கூடியது வரை 13 ஊசிகள். நம் கட்டுரைகளில் மேதை இருக்கிறார், சிறுவன் இருக்கிறான், முயலைத்தான் காணோம்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்கள் திருவொற்றியூர்ப் பக்கம் இன்றும் உண்டு. அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து என்பதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்? டேவிட் செம்பிள் 1911இல் கசௌலியில் உருவாக்கிய முறை அது. மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்குப் பக்கவாதமே வந்ததுண்டு. 2004 இறுதியில்தான் இந்தியா அதன் உற்பத்தியைக் கைவிட்டது.

பாஸ்டர் செய்தது தவறு என்று நான் வாதிடவில்லை. அந்தச் சிறுவன் என் பிள்ளையாக இருந்தால் நானும் முயலைப் பற்றி யோசித்திருக்க மாட்டேன். ஆனால் முயலை மறைக்கும்போது, அடுத்து வந்த நல்ல செய்தியும் மறைந்துபோகிறது. இன்றைய தடுப்பூசிகள் பலவற்றுக்கு ஆட்டு மூளை வேண்டாம். 1962இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பிரித்த உயிரணுக்கள் இன்னும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. மருந்துக்கான கிருமியை அவற்றிலேயே வளர்க்கிறார்கள்.

குதிரை மட்டும் இன்னும் விடுபடவில்லை. ஆழமான கடிக்குள் செலுத்தும் எதிர்ப்பு மருந்து பெரும்பாலும் குதிரை இரத்தத்திலிருந்தே வருகிறது. குதிரையே தேவைப்படாமல், ஆய்வக உயிரணுக்களைக் கொண்டு செய்யும் மாற்று மருந்து இந்தியாவிலேயே தயாராகிறது. அதைப் பற்றித் தமிழில் நான் இதுவரை படித்த வரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.