மறுசுவரைத் தாண்டாத துளை

பைக்கிலிருந்து விழுந்து, காலில் பிளேட் வைத்துக்கொண்ட உறவினரின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என் கண் முதலில் போவது பிளேட்டுக்கு அல்ல, ஸ்க்ரூக்களின் நுனிக்கு. ஒவ்வொன்றும் எலும்பின் மறுபக்கச் சுவரைத் தாண்டித் துளியூண்டு எட்டிப் பார்க்கிறது. எலும்பு பருத்த இடத்தில் ஸ்க்ரூ நீளம், ஒடுங்கிய இடத்தில் குட்டை. இந்த நீளத்தை அளந்தெடுக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

நீண்ட எலும்பின் தண்டுக்கு இரண்டு கெட்டிச் சுவர்கள், நடுவே மஜ்ஜை. 3.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. துளை போடுகிறார்கள். முதல் சுவரில் டிரில் முனகும். உள்ளே போனதும் லேசாகும். மறுசுவரில் மறுபடி முனகும். அந்தச் சுவர் துளைபடும் கணத்தில் கை நிற்க வேண்டும். அப்பால் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கலாம். பிறகு, நுனியில் சின்னக் கொக்கி உள்ள அளவுக்கம்பியை நுழைத்து, மறுசுவரின் விளிம்பில் மாட்டி நீளம் பார்ப்பார்கள். கொக்கி சதையில் மாட்டினால் கணக்குத் தப்பும்.

சென்சார் பொருத்திய டிரில் இந்த அளவெடுப்பைத் துளையிடும்போதே செய்கிறது. முனை போன தூரத்தையும் எதிர்ப்பையும் சேர்த்தே கவனிக்கிறது; எதிர்ப்பு சட்டென்று விழும் இடம்தான் சுவர் முடியும் இடம். அனுபவக் கை உணர்வதையே எண்ணாக்கித் தருகிறது. வயதானவர்களின் நொய்ந்த எலும்பில் அந்த எதிர்ப்பு வித்தியாசம் மிகச் சிறியது. கைக்கும் கருவிக்கும் கடினமான வேலை அங்கேதான்.