மானுவேலின் கூலி

ஜாக் லண்டனின் 'த கால் ஆஃப் த வைல்ட்' (1903) நாவலை ஆத்தூர்ப் பிள்ளைகளுக்கு நடத்தும்போது என் கையில் ஒரு சுலபமான வாசிப்பு இருந்தது. நீதிபதி வீட்டில் செல்லமாக வளர்ந்த பக் என்னும் நாய் திருடி விற்கப்படுகிறது. தடியடிபட்டு, க்ளாண்டைக் தங்க வேட்டைக்காரர்களுக்காகப் பனியில் வண்டி இழுக்கிறது. கடைசியில் ஓநாய்களோடு சேர்ந்து விடுதலை அடைகிறது.

வகுப்பு இதற்கு மசியவில்லை. நாய்க்கதையில் நாய் மட்டும் இல்லை என்பது, 'பரியேறும் பெருமாள்' (2018) கருப்பிக்காக அழுத பிள்ளைகளுக்குச் சொல்லியா தெரியவேண்டும்?

பலரும் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். பக்கைத் திருடி விற்கும் மானுவேல், தோட்டக்காரனின் உதவியாள், சூதாடி. அவன் கூலி பெண்டாட்டி பிள்ளைகளுக்கே காணாது என்று பிரதி போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்கிறது. "அவன் வீட்டுல அன்னைக்குச் சோறு பொங்குனாவளான்னு ஏன் சார் யாரும் கேக்கல?" என்றாள் ஒருத்தி. கரும்பலகையில் 'வில்லன்' என்று நான் எழுதியிருந்த பெயர் அது.

இன்னொருவன் முடிவைப் பிடித்தான்: "காடு காடுங்கீங்க, அங்க ஈஹாட்டுக இருக்காவல்லா?" ஈஹாட் லண்டன் கற்பித்த பழங்குடி. நாய்க்கு மனசும் மூதாதையர் நினைவும் தரும் பிரதி, அவர்களில் ஒருவருக்கும் பெயர் தரவில்லை. எஜமானைக் கொன்றவர்கள் என்று நாய் அவர்களைக் கடித்துக் குதறுவது வீரமாகிறது.

லண்டன் 1896-ல் சோஷலிஸ்ட் லேபர் கட்சியில் சேர்ந்தவர்; வெள்ளை இன மேன்மையை நம்பியவரும் அவரே. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க வேண்டாம்.

இந்தமுறை வகுப்புத் தேர்வில் கேள்வியை மாற்றினேன்: 'முதல் அத்தியாயத்தை மானுவேல் சொல்வதாக எழுதுக.' பொதுத்தேர்வில் இப்படி எழுதினால் மார்க் விழுமா என்று கேட்கிறார்கள். விழாது என்றுதான் சொல்ல முடிந்தது.