லைட்டர் தடை யாரைக் காக்கிறது?

2023 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு ஒரு விலைக்கோடு கிழித்தது: துறைமுகம் வந்து சேரும்போது 20 ரூபாய்க்குக் குறைவாக மதிப்புள்ள சிகரெட் லைட்டர் நாட்டுக்குள் வரக்கூடாது. 2024 அக்டோபரில் லைட்டர் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிகளின் விற்பனையைத் தின்கிறது, தீப்பெட்டித் தொழிலில் இருக்கும் லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் பெண்கள் என்று 2022-இலேயே அப்போதைய தமிழக முதல்வர் ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சருக்கு எழுதியிருந்தார்.

தீப்பெட்டித் தொழில் நடக்கும் தூத்துக்குடி, பாஞ்சாலங்குறிச்சி இருக்கும் மாவட்டம் என்பதால் சீன லைட்டரைக் கும்பினியாக்கி, தடையைக் கட்டபொம்மன் வாளாக்குவது மேடைக்கு எளிது. கணக்கு வேறு.

தீப்பெட்டி விலை 14 ஆண்டு ஒரு ரூபாயில் நின்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. இருபது பெட்டி நாற்பது ரூபாய். 20 ரூபாய்க்கு இறங்கும் லைட்டரோடு சுங்கமும் ஜிஎஸ்டியும் கடைக்காரர் லாபமும் சேர்ந்தால் அதுவும் நாற்பதை நெருங்கும். அந்த அளவில் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் ஐந்து ரூபாய்ச் சரக்குக்கு இருபது என்று பில் போட்டு வருபவரை விலைக்கோடு தடுக்காது. உள்நாட்டில் லைட்டர் செய்பவரையும் தொடாது.

இது நூறாண்டுப் பழைய பாடம். 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டார்கள், வருவாய்க்காக. உடனே மருந்து முக்காத குச்சியையும் பெட்டிக்கான மரச்சில்லையும் இறக்கி இங்கேயே தீப்பெட்டி செய்தார்கள். அவற்றுக்கும் 1924-இல் வரி வந்தது. ஸ்வீடன் கம்பெனியோ வரிச்சுவருக்கு உள்ளேயே வந்து விம்கோ ஆலைகளைக் கட்டிக்கொண்டது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதே 1922-இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். சுவர் மட்டும் போதாது, வெளியூர்போய்க் கற்றுவந்த கையும் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் விம்கோவோடு சிறு ஆலைகள் தாக்குப்பிடித்ததற்கு முக்கியக் காரணம் சுங்கச் சுவரல்ல, கைத்தொழிலுக்குக் குறைவாக விதித்த கலால் வரி.

அந்தச் சலுகைதான் இன்று இல்லை. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்த தீப்பெட்டிக்கு 5%, மற்றவற்றுக்கு 18%. 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12% என்று சமமாக்கினார்கள். முழு இயந்திர ஆலைக்கு அது ஆறு புள்ளி லாபமாகவும், கையால் கட்டையில் குச்சி அடுக்கும் யூனிட்டுக்கு ஏழு புள்ளிச் சுமையாகவும் இருந்தது. மானாவாரி பொய்த்த வருஷங்களில் கரிசல் பெண்களுக்குச் சோறு போட்ட தீப்பெட்டி ஆபீசில், கட்டை அடுக்குவதையும் பெட்டி ஒட்டுவதையும் எந்திரம் வாங்கிக்கொண்டதற்குச் சீனாவைக் குறைசொல்ல முடியாது.

தடையே இல்லாதிருந்தால் எந்திர ஆலையும் சேர்ந்து மூடியிருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனாலேயே தடையை எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது காப்பது தீப்பெட்டியின் சந்தையை, ஆலைக்காரரின் முதலீட்டை. பெண்களின் எண்ணிக்கையைக் காட்டி வாங்கிய தடை, அவர்களில் ஒருவரைக்கூட வேலையில் வைத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் நிபந்தனை விதிக்கவில்லை. கைவேலைக்கும் எந்திரத்துக்கும் இடையே பழைய வரி வேறுபாடு திரும்பும்வரை இதைத் தொழிலாளர் பாதுகாப்பு என்ற கணக்கில் எழுத முடியாது.